கோடீன்: குழந்தைகளும் மரபணு வேறுபாடும்

கோடீன், அபினிலிருந்து கிடைக்கும் வலிநீக்கி மருந்து. பிரெஞ்சு வேதியியலாளர் பியேர் ழான் ரொபிகே 1832இல் இதைப் பிரித்தெடுத்தார். இருமலுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் குழந்தைகளுக்கு நெடுங்காலம் இது கொடுக்கப்பட்டது. குழந்தையின் மரபணுவைப் பொறுத்து இம்மருந்து பயனற்றுப் போகலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இது ஒவ்வாமை அன்று. உடல் மருந்தைக் கையாளும் வேகத்தில் உள்ள வேறுபாடு.

செயல்படும் முறை

கோடீனுக்கு நேரடியான வலிநீக்கும் ஆற்றல் குறைவு. கல்லீரலிலுள்ள சிஒய்பி2டி6 என்ற நொதி அதன் ஒரு சிறு பகுதியை மார்ஃபினாக மாற்றுகிறது. வலியைப் பெரிதும் தணிப்பது அந்த மார்ஃபினே. இந்நொதிக்கான மரபணு 22ஆம் குரோமோசோமில் உள்ளது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பெரும்பாலோருக்கு அதன் இரு படிகள் இருக்கும். செயல்படும் படி ஒன்றும் இல்லாதவர்களுக்குக் கோடீனால் வலி குறைவதில்லை. செயல்படும் படிகள் இரண்டுக்கு மேல் உள்ளவர்களிடம் மார்ஃபின் விரைவாகவும் மிகுதியாகவும் உருவாகிறது. இவ்வகையினர் எத்தியோப்பியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் அதிகம், கிழக்காசியாவில் குறைவு.

பாதிப்பு

மிகுதியான மார்ஃபின் மூளையின் மூச்சு மையத்தை மந்தமாக்கும். டான்சில் அறுவை செய்துகொள்ளும் குழந்தைகள் பலருக்கு உறக்கத்தில் மூச்சு தடைபடும் தொல்லை முன்பே இருப்பதால் ஆபத்து கூடுகிறது. கனடாவில் அத்தகைய அறுவைக்குப் பின் இறந்த இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி 2009இல் மருத்துவ இதழ் ஒன்றில் அறிக்கை வெளியானது. கொடுத்த அளவு வழக்கமானதே. ஆனால் அக்குழந்தைக்கு இம்மரபணுவின் கூடுதல் படி இருந்தது.

கட்டுப்பாடுகள்

2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டான்சில் அறுவைக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் தரலாகாது எனக் கடும் எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டு, வலிக்காக 12 வயதுக்குட்பட்டோருக்கு இதைக் கொடுக்கக்கூடாதென ஐரோப்பிய அமைப்பு அறிவித்தது. அமெரிக்காவில் இவ்வயது வரம்பு 2017இல் வந்தது; இதே நொதியால் மாற்றமடையும் டிரமடாலுக்கும் அது பொருந்தும். இவற்றிலிருந்து உடலில் உருவாகும் பொருள்கள் தாய்ப்பாலில் கலக்கக்கூடும் என்பதால், பாலூட்டும் தாய்மார் இவ்விரு மருந்துகளையும் தவிர்க்குமாறும் அப்போது அறிவுறுத்தப்பட்டது.

மாற்றாகப் பாராசிட்டமாலும் இபுபுரோஃபெனும் பயன்படுகின்றன. மரபணுப் பரிசோதனை உண்டெனினும், அறுவைக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதைச் செய்வது வழக்கமில்லை. எடை பார்த்துக் கணக்கிட்ட மருந்தளவும் ஒரு குழந்தைக்கு மிகையாகலாம் என்பதாலேயே, கோடீனைத் தவிர்ப்பது பாதுகாப்பான வழியாகக் கொள்ளப்படுகிறது.