செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்கணுமா? ஆச்சி சமையலும் கத்துக்கணுமா? எப்படித் திட்டமிடுவது?

செட்டிநாடு என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது சிக்கன்தான். ஆனால் காரைக்குடி பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்தால், அந்த ருசிக்குப் பின்னால் இருக்கும் பிரம்மாண்ட வீடுகளும் கண்ணில் படும். வீட்டையும் பார்த்து, அதன் அடுப்படிச் சமையலையும் கற்றுக்கொள்ளும் வசதி இப்போது அங்கே இருக்கிறது.

செட்டிநாடு எங்கே இருக்கிறது?

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் நகரத்தார் ஊர்களின் தொகுப்புதான் செட்டிநாடு. ஒரு காலத்தில் 96 ஊர்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது எழுபத்துச் சொச்சம் ஊர்கள்தான். பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வணிகம் செய்தவர்கள், சம்பாதித்த பணத்தைச் சொந்த ஊரில் வீடாகக் கட்டினார்கள்.

வீட்டில் என்ன விசேஷம்?

ஒரு தெருவில் வாசல் தொடங்கினால் அடுத்த தெருவில் பின்கட்டு முடியும். முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். தூண்களுக்கு பர்மா தேக்கு, தரைக்கு இத்தாலி மார்பிள் என எல்லாம் கப்பலில் வந்தவை. சுவரில் பளபளக்கும் பூ ஓடுகளில் ஜப்பானில் இருந்து வந்தவையும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியச் சந்தைக்காகவே சாமி படம் போட்ட ஓடுகளை ஜப்பான் தயாரித்து அனுப்பியது. சுவர் வழுவழுப்பாக இருக்கக் காரணம், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பூச்சு.

எதையெல்லாம் பார்க்கலாம்?

* கானாடுகாத்தான்: ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனை இங்கேதான். 1912-ல் கட்டி முடிக்கப்பட்டது.
* ஆத்தங்குடி: இங்குள்ள பெரிய வீட்டைச் சிறு கட்டணம் கொடுத்துப் பார்க்கலாம். பக்கத்திலேயே, கண்ணாடித் தகட்டின் மேல் கலவையை ஊற்றி, கையாலேயே தரை ஓடு செய்யும் பட்டறைகளும் இருக்கின்றன.
* காரைக்குடி: ஆயிரம் ஜன்னல் வீடு. பழைய பாத்திரம், மரச்சாமான் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெரு.
* பிள்ளையார்பட்டி: நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று. குடைவரைக் கோயில்.

சமையல் வகுப்பில் என்ன சொல்லித் தருவார்கள்?

காரைக்குடியில் 1999 முதல் இயங்கும் 'தி பங்களா', கானாடுகாத்தானில் உள்ள 'விசாலம்' போன்ற பாரம்பரிய விடுதிகளில் சமையல் வகுப்புகள் உண்டு. மசாலா வறுப்பது, அம்மியில் அரைப்பது என்று அடிப்படையில் இருந்து தொடங்குவார்கள். கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எதை எப்போது எண்ணெயில் போடணும் என்பது பாக்கெட் பொடி வாங்குபவர்களுக்குத் தெரியாத விஷயம்.

காரம் மட்டும்தான் செட்டிநாடு என்ற நினைப்பும் இங்கே உடைந்துவிடும். அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்துச் செய்யும் வெண்டைக்காய் மண்டியில் மசாலாப் பொடியே கிடையாது. கவுனி அரிசி இனிப்பு பர்மா தொடர்பில் வந்தது. வெள்ளைப் பணியாரத்துக்கு அளவே ஒரு கலைதான்: ஆழாக்கு நிறைய பச்சரிசி, அதன் மேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்து. இந்த மாதிரி அளவெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கைக்கு வரும்.

இதில் வீட்டுக்கு என்ன லாபம்?

முக்கியமான கேள்வி இதுதான். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். பெரும்பாலானவர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு என்றால்தான் கதவு திறக்கும். ஓடு மாற்றவும் மழைநீர்க் கசிவை அடைக்கவும் ஆகும் செலவை யார் ஏற்பது என்பதிலேயே வருடங்கள் ஓடிவிடும். அப்படிக் கைவிடப்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டு, தூணும் நிலைக்கதவும் தனித்தனியாக விலைக்குப் போயிருக்கின்றன. நகரத்து ஹோட்டல்களில் நாம் ரசிக்கும் 'செட்டிநாட்டுத் தூண்' பல, இப்படி வந்தவைதான்.

2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பிடித்தன. ஆனால் அந்தப் பட்டியல் கூரை ஒழுகுவதை நிறுத்தாது. வீட்டுக்குள் தங்கி, சாப்பிட்டு, கற்றுக்கொள்பவர்கள் கொடுக்கும் பணம்தான் சில வீடுகளையாவது நிற்க வைக்கிறது. ஊர்ச் சமையல்காரர்களுக்கும் அதில் வேலை கிடைக்கிறது.

எப்படிப் போவது?

சென்னை எழும்பூரில் இருந்து காரைக்குடிக்கு பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. விமானம் என்றால் மதுரை அல்லது திருச்சி. அங்கிருந்து சாலையில் சுமார் இரண்டு மணி நேரம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே வெயில் தாங்காது.

கிளம்பும் முன் கவனிக்க

* வகுப்புக்கு முன்பதிவு அவசியம். நேரில் போய்க் கேட்டால் இடம் கிடைக்காமல் போகலாம்.
* சைவமா அசைவமா, அடுப்பில் நீங்களே செய்யலாமா அல்லது பார்ப்பது மட்டும்தானா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.
* எல்லா வீடும் மியூசியம் அல்ல. பூட்டியிருந்தால் காவலாளியிடம் கேளுங்கள். அனுமதி இல்லை என்றால் வெளியில் இருந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.
* ஞாபகார்த்தமாக ஏதாவது வாங்க நினைத்தால், பழைய வீட்டுக் கதவை விட இன்றும் கையால் பின்னும் கொட்டான் கூடையோ கண்டாங்கிச் சேலையோ வாங்கலாம். இரண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. காசு நேராகக் கைவினைஞருக்குப் போகும்.