பிசிக்ஸ் முடிச்சாச்சு, அடுத்து என்ன? ராமனும் கிருஷ்ணனும் பார்த்த முதல் வேலைகள்

காரைக்கால் பக்கம் தருமபுரத்துல ஒரு வீடு. பொண்ணு பிஎஸ்சி பிசிக்ஸ் முடிச்சாச்சு. மேல படிக்க, ஜாம் தேர்வு எழுத, இன்னும் பல மாசம் இருக்கு. அதுவரைக்கும் டியூஷன் எடுக்கறதா, பேங்க் எக்ஸாமுக்குத் தயாராகறதா? வேற வேலைக்குப் போயிட்டா பிசிக்ஸ் அவ்வளவுதானா? இப்படி ஒரு வீட்டை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆனா இந்தக் கேள்விக்கு நூறு வயசுக்கு மேல ஆகுது.

1907. சென்னை பிரசிடென்சி கல்லூரியில சி.வி. ராமன் எம்.ஏ. முடிக்கிறார். வயது 18. அதற்கு முந்தைய வருடமே லண்டனின் ‘பிலசாபிகல் மேகசின்’ இதழில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. இன்றைக்கு இது போதும், நேரா பிஎச்டி. அன்றைக்கு இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழி அரிது. இங்கிலாந்து போகலாம் என்றால், உடம்பு தாங்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அதனால் நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார்.

பகல் முழுக்கக் கணக்கு. ஆனால் பவ்பஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய அறிவியல் சங்கம் இருந்தது. ஆபீசுக்கு முன்னாலும் பின்னாலும் ராமன் அங்கே போய்ச் சோதனை செய்தார். நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று டிரான்ஸ்ஃபர். இப்படிப் பத்து வருஷம்! 1917-ல்தான் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆனார். அதுவும் பெரிய சர்க்கார் சம்பளத்தை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு.

ராமன் ஒரு விதிவிலக்குன்னு தோணுதா? சரி, அடுத்தவரைப் பாருங்க. வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். அதே கல்லூரியில் அவருக்குக் கிடைத்த வேலை, வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். துறையே வேற! அவர் என்ன பண்ணினார் தெரியுமா? மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி, இயற்பியல், வேதியியல், கணிதம் என எதில் வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள் என்றார். பிறகு 1920-ல் ராமனிடம் படிக்க கல்கத்தா கிளம்பினார். 1923-ல் அதே பவ்பஜார் சங்கத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது கூடவே உழைத்தவர் அவர்தான். பின்னாளில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் ஆனார்.

‘உழைச்சா எல்லாம் நடக்கும்’னு இந்தக் கதையை முடிச்சுடலாம். ஆனா அது பாதிதான் உண்மை. ராமனுடையது வீட்டுக் கவலை இல்லாத சம்பளம். அதைவிட முக்கியம், வேலை முடிஞ்சு வர்ற ஒரு கணக்கு அதிகாரிக்கும் அந்தச் சங்கம் கதவைத் திறந்து விட்டது. அது இல்லைன்னா ராமன் நல்ல ஆபீசராகவே ரிட்டையர் ஆகியிருப்பார்.

அதனால கையில கிடைக்கிற வேலை எதுவானாலும் தயங்காம போங்க. ஆனா ரெண்டு கேள்வி கேட்டுக்கோங்க. இந்த வேலை எனக்கு தினம் ஒரு மணி நேரமாவது மிச்சம் வைக்குமா? அந்த ஒரு மணி நேரத்துல நான் போய் உட்கார ஒரு லேப், ஒரு நூலகம், சந்தேகம் கேட்க ஒரு வாத்தியார் பக்கத்துல இருக்காங்களா?

இந்த ரெண்டாவது கேள்விக்கு அந்தப் பொண்ணு மட்டும் பதில் சொல்ல முடியாது. நம்ம ஊர்க் கல்லூரிகளும்தான் சொல்லணும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.