ஆங்கிலப் பெயர்ச்சொல் வகைகள்

ஆங்கிலத்தில் ஆள், இடம், பொருள், உணர்வு, எண்ணம் போன்றவற்றைக் குறிக்கும் சொல் பெயர்ச்சொல். இதைச் சிறப்புப் பெயர், பொதுப் பெயர், கூட்டப் பெயர், பொருட்பெயர், பண்புப் பெயர் என ஐந்தாகப் பிரிப்பது இந்தியப் பள்ளிகளில் நீண்டகால வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய மாணவர்களுக்காக நெஸ்ஃபீல்டு எழுதிய பாடநூல்கள் இந்தப் பகுப்பை இங்கே நிலைநிறுத்தின. தேர்வில் கேள்வி கேட்க வசதியான பகுப்பு இது. ஆனால் வாக்கியம் எழுதும்போது அதிகம் கைகொடுப்பது எண்ணக்கூடியது, எண்ண முடியாதது என்ற இன்னொரு பகுப்பே.

சிறப்புப் பெயரும் பொதுப் பெயரும் வேறு என்பதைப் பண்டைக் கிரேக்கத்தின் ஸ்டோயிக் தத்துவவாதிகளே சொல்லிவிட்டனர். 'லண்டன்' சிறப்புப் பெயர். 'சிட்டி' பொதுப் பெயர். சிறப்புப் பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதுவது இன்றைய மரபு. 18ஆம் நூற்றாண்டின் எழுத்திலும் அச்சிலும் பொதுப் பெயர்களும் பெரிய எழுத்தில் தொடங்குவதுண்டு. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூலப்படியில் அதைப் பார்க்கலாம். 'லண்டன்', 'இந்தியா' போன்ற பெயர்களுக்கு முன் 'தி' வராது. ஆறுகள், மலைத்தொடர்களின் பெயர்களுக்கு முன் வரும். அதனால்தான் 'தி தேம்ஸ்', 'தி ஹிமாலயாஸ்'.

எண்ணக்கூடிய பெயருக்கு முன் 'எ' அல்லது 'ஆன்' வரும். பன்மை வடிவமும் உண்டு. எண்ண முடியாத பெயருக்கு இரண்டும் இல்லை. முன்னதற்கு 'மெனி', பின்னதற்கு 'மச்'. தண்ணீரும் மணலும் எண்ண முடியாதவை என்பதை எவரும் ஏற்பார்கள். குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. நாற்காலி, மேசை இரண்டையும் எண்ணலாம். அவற்றைச் சேர்த்துச் சொல்லும் 'ஃபர்னிச்சர்' என்ற சொல்லை எண்ண முடியாது. 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்', 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்' ஆகியவையும் அப்படியே. தமிழில் 'தகவல்கள்', 'அறிவுரைகள்' என்று இயல்பாகச் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். ஒன்றைக் குறிப்பிட வேண்டுமானால் முன்னால் 'எ பீஸ் ஆஃப்' என்று சேர்க்க வேண்டும். ஆக, எண்ண முடியாத தன்மை பொருளில் இல்லை; அந்த மொழி அந்தச் சொல்லை நடத்தும் விதத்தில் இருக்கிறது.

ஒரே சொல் இரு பக்கமும் போவதும் உண்டு. 'எ சிக்கன்' என்றால் கோழி, வெறும் 'சிக்கன்' என்றால் இறைச்சி. உணவகத்தில் 'டூ காஃபீஸ்' என்று கேட்டால் இரண்டு கோப்பை. பட்டாணியின் கதை இன்னும் சுவையானது. அதன் பழைய பெயர் 'பீஸ்'. எண்ண முடியாத சொல். ஈற்று ஒலியைப் பன்மை விகுதி என்று மக்கள் தவறாகக் கொண்டதால் 'பீ' என்ற ஒருமை பிறந்தது.

டென்மார்க் மொழியியலாளர் ஆட்டோ யெஸ்பர்சன் எண்ண முடியாதவற்றுக்கு 'மாஸ் வேர்டு' என்று பெயரிட்டு, 1924இல் வெளிவந்த தம் இலக்கணத் தத்துவ நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, 1942இல் டோக்கியோவில் வெளியான தம் குழுவின் அகராதியில் எண்ணக்கூடிய பெயர்ச்சொற்களுக்கு சி, எண்ண முடியாதவற்றுக்கு யு என்ற குறிகளை இட்டார். அந்த அகராதியே பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியாக வளர்ந்தது.

கூட்டப் பெயரில் பிரிட்டனும் அமெரிக்காவும் வேறுபடுகின்றன. 'டீம்' என்பதற்கு அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒருமை வினையே தருவார்கள். பிரிட்டனில் உறுப்பினர்களை மனத்தில் கொண்டு பன்மை வினை தருவதும் வழக்கம். 'போலீஸ்', 'கேட்டில்' இரண்டுக்கும் எங்கும் பன்மை வினைதான். 'நியூஸ்' பார்வைக்குப் பன்மை, நடப்பில் ஒருமை. 'சிஸர்ஸ்', 'டிரவுசர்ஸ்' ஒன்றாக இருந்தாலும் பன்மை.

பண்புப் பெயர்கள் பலவற்றை 'நெஸ்', 'இட்டி', 'ஹுட்', 'ஷிப்' என்ற ஈறுகள் காட்டிக்கொடுக்கும். ஆனால் 'ஐடியா' எண்ணக்கூடியது, 'அட்வைஸ்' அல்ல. ஆகவே இந்த வகைப்பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. பொருட்பெயர் தனி வகையாகப் பள்ளி நூல்களில்தான் பெரிதும் வாழ்கிறது.

பால் அடிப்படையிலான பகுப்பு இன்று பெரும்பாலும் பொருளைச் சார்ந்தது. பழைய ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயருக்கும் இலக்கணப் பால் இருந்தது. பெண்ணைக் குறித்த 'வீஃப்' அஃறிணைப் பாலிலும், அதே பொருளுள்ள 'வீஃப்மன்' ஆண்பாலிலும் நின்றன. இடைக்கால ஆங்கிலத்தில் அந்த ஏற்பாடு கலைந்தது.