ப்ளேக் சட்டமும் முப்பது சதவீதமும்

புனேயில் கணேஷ்கிண்ட் சாலை வழியே பஸ்ஸில் போகிற நம்மவர்களுக்கு, 1897 ஜூன் 22 இரவு அங்கேதான் ப்ளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார் என்பது தெரிந்திருக்கும். சாபேகர் சகோதரர்கள் கதையை நம் பிள்ளைகளே சொல்லுவார்கள். நான் எழுத வந்தது துப்பாக்கியைப் பற்றி அல்ல, சட்டத்தைப் பற்றி.

அவ்வாண்டு பிப்ரவரியில் பிறந்த தொற்றுநோய்ச் சட்டத்துக்கு மொத்தம் நாலே பிரிவு. நோயைத் தடுக்க அரசு எந்த விதியும் போடலாம், மீறினால் தண்டனை. செலவு யார் தலையில்? அதையும் அரசே தீர்மானிக்கலாமாம்! ஜனங்களுக்கு என்ன வைத்தியம் கிடைக்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரி கிடையாது. அதிகாரம் இருந்தது, சோல்ஜர்கள் அடுப்படி வரைக்கும் நுழைந்தார்கள். அதே வேளையில் ஹடப்சர் பக்கம் டாக்டர் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமுக்கு நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்த அவர் தாயார் சாவித்ரிபாய் புலே, அந்நோயே தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். சட்டம் சொல்லாத வேலையை அந்த அம்மாள் செய்தார்.

நம் சென்னை மாகாணம் 1939இல் வேறு மாதிரி யோசித்தது. ராஜாஜி மந்திரிசபையில் சுகாதாரம் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் வசம். அப்போது வந்த பொதுச் சுகாதாரச் சட்டம் குடிநீர், சாக்கடை, கொசு ஒழிப்பு, தாய்சேய் நலம், உணவுக் கலப்படம், திருவிழாக் கூட்டம் என்று வேலைகளை அத்தியாயம் அத்தியாயமாக எழுதிவைத்தது. அதோடு விடவில்லை. அரசு மானியம் நீங்கலாக, நகராட்சி தன் வருமானத்தில் குறைந்தது 30 சதவீதமும் ஜில்லா போர்டு 12½ சதவீதமும் சுகாதாரத்துக்கென ஒதுக்க வேண்டும் என்றது.

காலமெல்லாம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு அந்த வரிதான் பிடித்தது. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. பணக்கார ஊருக்கு முப்பது சதவீதம் பெரிய தொகை. வறண்ட ஊருக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கே காணாது. நோய் அதிகம் இருப்பதோ பின்னதில்தான். சதவீதம் மட்டும் போதாது, மேலிருந்து மானியமும் வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் மகாராஷ்டிர அரசு கையிலெடுத்தது அதே 1897 சட்டத்தைத்தான். புனேயின் முதல் நோயாளிகள் போய்ச் சேர்ந்ததோ நம் மாநகராட்சி நடத்துகிற நாயுடு ஆஸ்பத்திரியில்.