தாழியில் இட்ட நெல்லும் எலும்பில் தங்கிய உணவும்

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, தான் ஓடும் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவுக்குள் மூன்று வகையான உணவு நிலங்களைத் தொட்டுச் செல்கிறது. ஆற்றங்கரையில் காரும் பிசானமும் விளையும் நஞ்சை. அதைத் தாண்டினால் மழையை நம்பித் தானியம் விதைக்கும் புஞ்சையும் பனை மட்டுமே நிற்கும் செம்மணல் தேரியும். முகத்துவாரத்தில் மீனும் சங்கும் முத்தும் தந்த கடற்கரை. இந்த மூன்று நிலத்து உணவும் மனித எலும்பிலும் பல்லிலும் மூன்று வேறு தடங்களை விட்டுச் செல்லக்கூடியவை என்பதால், இங்கு வாழ்ந்த சமயத்தவர் என்ன உண்டனர், எதை விலக்கினர் என்பதை எலும்பிலிருந்து அறிய முடியுமா என்ற கேள்வி எழுவது இயல்பே.

அந்தத் தடம் வேதியியல் சார்ந்தது. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை ஐசோடோப்புகள் என்பர். நெல், பயறு, தென்னை, பனை ஆகியவை காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் முறை ஒன்றாகவும், சாமை, தினை, வரகு, சோளம், கம்பு ஆகியவை பிடிக்கும் முறை வேறாகவும் இருப்பதால், எடை கூடிய கார்பன் அணு சிறுதானியங்களில் சற்று மிகுந்தும் நெல்லில் குறைந்தும் காணப்படுகிறது. உண்பவரின் எலும்பிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தில் அந்த விகிதம் பதிகிறது. எடை கூடிய நைட்ரஜனோ, செடியை உண்ட விலங்கு, அதை உண்ட மனிதர் என ஒவ்வொரு படியிலும் ஏறிக்கொண்டே போவதால், உணவுச் சங்கிலி நீண்ட கடல்மீனை நாள்தோறும் உண்டவரின் எலும்பில் அது உச்சத்தில் நிற்கும். எலும்பு வாழ்நாள் முழுவதும் தேய்ந்து புதுப்பிக்கப்படுவதால் இறப்புக்கு முந்தைய பல ஆண்டுகளின் சராசரி உணவையே சொல்லும். பல்லின் மேற்பூச்சான எனாமல் ஒருமுறை உருவானபின் மாறாததால் குழந்தைப் பருவத்து உணவை அப்படியே வைத்திருக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கில் எலும்புகள் மிகுதியாகக் கிடைத்த இடம் ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே, ஆற்றின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. 1876இல் இங்கு தோண்டிய ஜெர்மானியரான யாகோர், கிடைத்த பானைகளோடும் இரும்புக் கருவிகளோடும் மண்டையோடுகளையும் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். அதே காலத்தில் பிரெஞ்சு அறிஞர் லூயி லாப்பிக்கும் வந்து போனார். 1930இல் சக்கர்மன் எழுதிய ஆய்வும் மண்டையோடுகளைப் பற்றியதே. தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி 2004இல் இறந்தவரை இட்டுப் புதைத்த நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளைத் திறந்த பின்னரும், அம்மக்கள் எந்த இனத்தவர், எங்கிருந்து வந்தவர் என்ற விவாதமே மேலோங்கியது. மண்டையின் நீள அகலத்தை அளந்து இனம் பிரிப்பது யாகோர் முதல் சக்கர்மன் வரையிலான காலத்து அறிவியல் மோகம். அந்த மோகம் ஒரு நூற்றாண்டைத் தின்றது என்றே சொல்ல வேண்டும். அதே மண்டையோட்டின் தாடையில் இருந்த பற்கள், அவற்றின் சொத்தையும் தேய்மானமும் காரைப் படிவும், அந்த மனிதர் சாப்பிட்டது என்ன என்பதைச் சொல்லக் காத்திருந்தன.

உணவுக்கான சான்றாகத் தாழிகளில் கண்ணில் பட்டது எலும்பல்ல, தானியமே. தாழிகளுக்குள் இருந்த சிறு பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் கிடைத்ததை ரீ பதிவு செய்திருக்கிறார். இதே பள்ளத்தாக்கிலுள்ள சிவகளையில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்த தாழி ஒன்றில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று கரிம ஆய்வில் தெரியவந்ததாக 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இதைக் கொண்டு அக்கால மக்கள் நெல்லுச்சோறு உண்டு வாழ்ந்தனர் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் தாழியில் இட்ட நெல் இறந்தவருக்குக் கொடுத்தது, இறந்தவர் தின்றது அல்ல. இன்றும் வாய்க்கரிசி போடுகிற வழக்கம் உண்டு. நாள் முழுதும் கம்பங்கூழில் கழித்த வீட்டிலும் பிணத்தின் வாயில் இடுவது அரிசியைத்தான். வடக்கே கரிசல் காட்டில் சென்ற நூற்றாண்டு வரையிலும் தீபாவளி போன்ற நாள்களில் மட்டும் நெல்லுச்சோறு கண்ட குடும்பங்கள் இருந்தன. மதிப்பு மிக்க தானியம் சடங்குக்குச் செல்வதும், அன்றாட வயிற்றுக்கு வேறொன்று செல்வதும் உலகெங்கும் நடப்பதுதான். ரீ கண்ட உமியில் இரண்டும் கலந்திருந்ததை மறந்துவிடக் கூடாது. சடங்குக்கும் சாப்பாட்டுக்கும் இடையிலான இந்த விலகலை அளக்கக்கூடிய கருவி எலும்பொன்றே.

சமயத்தின் உணவு விதியை எலும்பில் தேடிய ஆய்வுகளுக்கு ஐரோப்பா முன்னோடி. இடைக்கால இங்கிலாந்தின் எலும்புகளை 2005இல் ஆராய்ந்த மியூல்ட்னரும் ரிச்சர்ட்ஸும், அவற்றில் உயர்ந்து காணப்பட்ட நைட்ரஜனுக்கு, வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் இறைச்சியை விலக்கி மீன் உண்ணச் சொன்ன திருச்சபை விதி ஒரு காரணமாக இருக்கலாம் என்றனர். ஸ்பெயினின் காந்தியா நகரில் அடுத்தடுத்த இடங்களில் புதைக்கப்பட்ட 24 கிறித்தவரையும் 20 முஸ்லிம்களையும் ஒப்பிட்ட 2015ஆம் ஆண்டு ஆய்வில், இரு சமயத்தவருக்கும் இடையிலான வேறுபாடு கார்பனில் வெளிப்பட்டது.

இந்த அளவுகோலைத் தாமிரபரணிக்குக் கொண்டுவந்தால் அது வேறு விதமாக நடந்துகொள்ளும். 1530களில் கத்தோலிக்கம் தழுவி, 1542இல் பிரான்சிஸ் சவேரியாரை வரவேற்ற முத்துக்குளித்துறைப் பரதவருக்கு, இறைச்சி விலக்கும் சுத்தபோசன நாளில் மீன் உண்பது புதிய பழக்கம் அல்ல. முந்தைய நாளும் மீன், மறுநாளும் மீன். விதி அங்கே எலும்பைத் தொடாமல் கடந்துபோகும். ஊர்ச் சாப்பாட்டிலிருந்து விலகச் சொல்லும் விதி மட்டுமே எலும்பில் தங்கும். அதைவிடச் சிக்கலானது புலால் மறுப்பு. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கிய சமணருக்கும், திருநெல்வேலிச் சைவ வேளாளருக்கும் அது அடையாளமாகவே இருந்தது. ஆனால் பாலும் தயிரும் நெய்யும் விலங்கின் புரதமே ஆகையால், தயிர்ச்சோறு தாராளமாக உண்ட சைவரின் நைட்ரஜனும் அளவோடு ஆட்டிறைச்சி உண்டவரின் நைட்ரஜனும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். எருவிட்ட வயலின் நெல்லும் அந்த அளவைத் தன் பங்குக்கு உயர்த்திவிடும். இந்தியச் சமயங்கள் பெரிதும் போற்றிய விலக்கு எதுவோ, அதைப் படிப்பதில்தான் இந்த முறை மிகவும் தடுமாறுகிறது. தவிர, இறந்தவரை எரிக்கும் வழக்கம் பரவிய சமூகங்கள் ஆய்வுக்கு எலும்பையே விட்டுவைக்கவில்லை. காயல்பட்டினத்துக் கபர்ஸ்தான்களும் பாளையங்கோட்டைக் கல்லறைகளும் உறவினர் இன்றும் போற்றும் இடங்கள், அவற்றைத் தோண்ட எவருக்கும் உரிமையில்லை.

அந்தக் குறையைக் கல்வெட்டு ஓரளவு ஈடு செய்கிறது. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுணபாண்டியனின் பதினாறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கோயிலுக்கு அளித்த 290 காசின் வட்டியாக வரும் நெல்லைக்கொண்டு நாள்தோறும் படைக்க வேண்டிய அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம் முதலியவற்றை அளவோடு குறிக்கிறது. அது இறைவனின் உணவுப் பட்டியல். தாழியின் நெல்லைப் போலவே இதுவும் உயர்ந்தோருக்கு இட்டது. புஞ்சையில் உழைத்தவரின் கஞ்சிக் கலயம் எந்தக் கல்லிலும் ஏறவில்லை.

ஆகவே ஆதிச்சநல்லூரும் சிவகளையும் திரும்பவும் முன்னே வருகின்றன. வெப்பமும் ஈரமும் மாறி மாறித் தாக்கும் மண்ணில் கொலாஜன் விரைவில் சிதைந்துவிடும். எனாமல் கடினமானது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாங்கும், அதில் சில மில்லிகிராம் சுரண்டினாலே கார்பன் விகிதத்தை அளந்துவிடலாம். பிறந்தது முதல் மூன்று வயது வரை உருவாகும் முதல் கடைவாய்ப்பல்லையும், சிறுவயதின் பிற்பகுதியில் உருவாகும் ஞானப்பல்லையும் ஒரே தாடையிலிருந்து எடுத்து ஒப்பிட்டால், புஞ்சைக்காட்டில் தினை தின்று வளர்ந்த ஒருவர் பின்னர் ஆற்றங்கரை நெல்லுக்கு மாறினாரா என்பதுகூடத் தெரியவரும். ஒரே தாழியின் பல்லையும் அதில் இட்ட தானியத்தையும் சேர்த்து ஆராய்வதே முறை. சுரண்டிய எனாமல் மீண்டும் வளராது என்பதால், எந்தப் பல்லை எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன் அந்தத் தாடை முழுவதையும் படமெடுத்து, அச்செடுத்து வைத்துக்கொள்வது ஆய்வுக்கூடங்களின் நடைமுறை.