மூடி கழற்றப்படும் வேளை: எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் மேற்பார்வையாளர் பயிற்சி என்றால் என்ன?

கட்டார், சவூதி, ஓமான், குவைத் என்று வேலை தேடிச் செல்லும் எமது இளைஞர்களில் சிலர் எண்ணெய், எரிவாயுக் களங்களிலும் வேலைக்குச் சேர்கிறார்கள். அவ்வாறான வேலைகளுக்கான விளம்பரங்களில் 'வெல் கொன்ட்ரோல்' சான்றிதழ் கேட்கப்படுவதைப் பலர் கண்டிருக்கலாம். கிணற்றின் அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பயிற்சிக்கான சான்றிதழே அது. அதில் என்ன கற்பிக்கப்படுகிறது, மேற்பார்வையாளருக்கு அது ஏன் கட்டாயமாக்கப்பட்டது, பணம் கட்டுமுன் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய கிணற்றின் ஆபத்து

எண்ணெய்க் கிணறு ஒருமுறை தோண்டியதோடு முடிவதில்லை. உள்ளே உள்ள உற்பத்திக் குழாய் அரித்துப் போகும், வால்வு பழுதாகும், ஒரு பாறைப்படையில் எரிவாயு குறைந்தால் இன்னொரு படையைத் திறக்க வேண்டி வரும். இவற்றைச் செய்வதே கிணற்றுப் பராமரிப்பு. களத்தில் 'வேர்க்ஓவர்' என்பார்கள்.

புதிய கிணறு தோண்டும்போது எரிவாயு எந்த ஆழத்தில் வரும் என்பது ஊகம். பராமரிப்பில் அப்படியல்ல. எரிவாயு இருக்கும் படைக்கு ஏற்கெனவே துளை போடப்பட்டிருக்கிறது, கிணறு உயிரோடு இருக்கிறது. அந்த நிலையில் அதன் தலையிலுள்ள வால்வுத் தொகுதியைக் கழற்றி, வேறு கருவியைப் பொருத்தி, குழாயை வெளியே இழுத்து, மீண்டும் இறக்க வேண்டும். 'இது பழகிய கிணறுதானே' என்ற எண்ணமே இந்த வேலையின் பெரிய ஆபத்து எனலாம்.

இரண்டு தடைகள்

பயிற்சியின் அடிப்படை விதி ஒன்றுதான். நிலத்தடி அழுத்தத்துக்கும் மேலே நிற்கும் மனிதருக்கும் இடையில் எந்த நேரத்திலும் சோதித்துப் பார்க்கப்பட்ட இரண்டு தடைகள் இருக்க வேண்டும்.

முதலாவது தடை, கிணற்றை நிரப்பி நிற்கும் திரவத்தின் பாரம். 10 மீற்றர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தரும். 3,000 மீற்றர் ஆழமான கிணற்றை வெறும் நீரால் நிரப்பினால் அடியில் 294 பார் கிடைக்கும். அங்குள்ள எரிவாயுவின் அழுத்தம் 320 பார் என்றால் நீர் போதாது. உப்புக் கரைத்து, நீரைவிட 1.1 மடங்கு பாரமான திரவத்தை நிரப்பினால் ஏறத்தாழ 324 பார் கிடைக்கும். இப்போது கிணறு அடங்கி நிற்கும்.

ஆனால் மிச்சம் இருப்பது 4 பாருக்கும் குறைவு. குழாயை வெளியே இழுக்கும்போது அது பிடித்திருந்த இடம் வெற்றிடமாகி, திரவ மட்டம் கீழே இறங்கும். 35 மீற்றர் இறங்கினாலே எரிவாயுவின் கை ஓங்கிவிடும். எனவே இழுத்த குழாயின் கனவளவுக்குச் சமமான திரவத்தை உடனுக்குடன் ஊற்றி, ஊற்றிய அளவைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். கணக்கைவிடக் குறைவாகத் திரவம் போனால், மீதி இடத்தை வேறு ஏதோ நிரப்புகிறது என்று பொருள். இப்படி எரிவாயு உள்ளே நுழைவதைக் 'கிக்' என்பார்கள். கட்டுக்கடங்காமல் மேலே வந்து சீறுவதே 'புளோஅவுட்'.

இரண்டாவது தடை இரும்பாலானது. கிணற்றுத் தலையில் பொருத்தப்படும் 'பி.ஓ.பி.' எனும் பாரிய மூடும் கருவி, தேவைப்பட்டால் குழாயைச் சுற்றி இறுக மூடும். சில வகைகள் குழாயையே வெட்டி மூடும். உள்ளே வைக்கப்படும் சீமெந்து அடைப்பும் தடையாகக் கணக்கிடப்படும். ஆனால் அது இறுகி, அழுத்தம் கொடுத்துச் சோதித்த பின்னர் மட்டுமே.

பாக்ஜான் சொல்லும் பாடம்

இந்த விதி மீறப்பட்டால் என்ன நடக்கும் என்பதை 2020 இல் இந்தியாவின் அசாம் மாநிலம் கண்டது. தின்சுகியா மாவட்டத்தின் பாக்ஜான் கிராமத்தில் ஒயில் இந்தியா நிறுவனத்தின் 5 ஆம் இலக்கக் கிணறு பல ஆண்டுகளாக எரிவாயு தந்துகொண்டிருந்தது. அதில் பராமரிப்பு வேலை நடந்தபோது, கிணறு சீமெந்தால் தற்காலிகமாக அடைக்கப்பட்டு, பி.ஓ.பி. கழற்றப்பட்டது. 2020 மே 27 அன்று எரிவாயு சீறத் தொடங்கியது. யூன் 9 அன்று தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான மக்கள் வீடுகளை விட்டு நிவாரண முகாம்களுக்குச் சென்றனர். அருகிலிருந்த மாகுரி-மோதாபுங் நீர்நிலையை நம்பியிருந்த மீனவர்களும், வயலும் தேயிலைத் தோட்டமும் வைத்திருந்தவர்களும் வாழ்வாதாரம் இழந்தனர். நவம்பர் 15 அன்றுதான் கிணறு அடக்கப்பட்டது. ஐந்தரை மாதங்கள்!

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த நிபுணர் குழு, சோதித்து உறுதி செய்யப்பட்ட இரண்டாவது தடை இல்லாமலேயே பி.ஓ.பி. அகற்றப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. திட்டத்துக்கும் களத்தில் நடந்ததற்கும் இடையில் பொருத்தமின்மை இருந்ததையும், முக்கியமான அந்த வேலைக்குத் தகுந்த மேற்பார்வை இல்லாதிருந்ததையும் அது பதிவு செய்தது. அதாவது, கழற்ற வேண்டாம் என்று சொல்லவேண்டிய இடத்தில் அதைச் சொல்ல ஒருவர் இருக்கவில்லை.

அமெரிக்காவின் மெக்சிக்கோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று 'டீப்வோட்டர் ஹொரைசன்' ரிக் வெடித்து 11 பேர் இறந்தபோதும் இதே குறை வெளிப்பட்டது. அடைப்புத் தாங்குகிறதா என்று செய்யப்பட்ட சோதனையில் குழாயில் அழுத்தம் காட்டியது. அந்த எச்சரிக்கைக்கு வேறு காரணம் கற்பித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கருவி உண்மையைச் சொன்னது, மனிதர்கள் அதை நம்பவில்லை. அதன் பின்னர் பயிற்சிகளில் கணக்கு, கருவி ஆகியவற்றோடு முடிவெடுத்தல், குழுத் தொடர்பாடல் போன்ற விடயங்களுக்கும் கூடிய இடம் கொடுக்கப்பட்டது.

மேற்பார்வையாளர் என்ன கற்கிறார்?

உலகளவில் இரு அமைப்புகளின் சான்றிதழ்கள் பெரும்பாலும் ஏற்கப்படுகின்றன. ஒன்று ஸ்கொட்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.டபிள்யூ.சி.எப்., மற்றையது ஐ.ஏ.டி.சி. நடத்தும் 'வெல்ஷார்ப்'. இரண்டிலும் கிணறு தோண்டுபவர்களுக்கும் பராமரிப்பவர்களுக்கும் தனித்தனிப் பாடநெறிகள் உண்டு. ஐ.டபிள்யூ.சி.எப். அமைப்பில் 1 ஆம் நிலை அறிமுகம், 2 ஆம் நிலை ரிக் தொழிலாளர்களுக்கு, 3 ஆம் நிலை கருவியை இயக்குபவர்களுக்கு, 4 ஆம் நிலை மேற்பார்வையாளர்களுக்கு. மேற்பார்வையாளர் சான்றிதழ் 2 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். பின்னர் மீண்டும் பரீட்சை எழுத வேண்டும்.

பாடநெறி வழமையாக ஒரு வேலை வாரத்துக்குள் முடியும். கிணற்றின் ஆழம், அழுத்தம், திரவப் பாரம் ஆகியவற்றைக் கொண்டு கிணற்றை அடக்கும் கணக்கைத் தாளில் போடப் பழக்குவார்கள். திரவத்தை மேலிருந்து அழுத்தி எரிவாயுவைப் படைக்கே திருப்பித் தள்ளுவதா, சுற்றோட்டம் செய்து வெளியே எடுப்பதா, சிறிது சிறிதாகத் திரவம் ஏற்றி வாயுவை விடுவிப்பதா என்று, கிணற்றின் நிலைக்கேற்ற முறையைத் தெரிவு செய்ய வேண்டும். பி.ஓ.பி. சோதனை, தடைகளின் வரைபடம், வேலை முறை மாறும்போது பெறவேண்டிய ஒப்புதல், முறை மாறும் குழுக்களுக்கிடையில் பொறுப்புக் கையளிப்பு என்பனவும் இதில் அடங்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. சந்தேகம் வந்தால் முதலில் கிணற்றை மூடு, பிறகு காரணத்தைத் தேடு. ஒரு மணித்தியாலம் ரிக் நின்றால் பெருந்தொகை நட்டம். அந்த நெருக்கடிக்கு மத்தியில் 'நிறுத்து' என்று சொல்வதே மேற்பார்வையாளரின் தொழில். கடைநிலைத் தொழிலாளி நிறுத்தச் சொன்னாலும் அவரைத் திட்டாமல் நிறுத்துவதும் அந்தத் தொழிலில் அடக்கம்.

பணம் கட்டுமுன்

இந்தச் சான்றிதழை நாடும் இளைஞர்கள் சில விடயங்களைக் கவனிப்பது நல்லது.

முதலாவது, மேற்பார்வையாளர் சான்றிதழ் மட்டும் எவரையும் மேற்பார்வையாளர் ஆக்காது. ரிக் தளத்தில் தொழிலாளியாகத் தொடங்கி, கருவி இயக்குபவராகி, பல ஆண்டுகளின் பின்னரே அந்தப் பொறுப்புக் கிடைக்கும். களத்தைக் காணாதவருக்கு 4 ஆம் நிலைப் பயிற்சி தந்து நேரே மேற்பார்வையாளராக அனுப்புகிறோம் என்று சொல்பவரிடம் காணியையோ நகையையோ ஈடு வைத்துப் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, 1 ஆம் நிலை அறிமுகப் பாடத்தை ஐ.டபிள்யூ.சி.எப். இணையத்தில் இலவசமாகவே வழங்குகிறது. இந்தத் தொழில் தனக்குப் பொருந்துமா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, பயிற்சி நிலையம் அங்கீகாரம் பெற்றதா என்பதையும், ஒரு சான்றிதழ் உண்மையானதா என்பதையும் அந்த அமைப்புகளின் இணையத்தளங்களில் சரிபார்க்கலாம். இந்தியாவில் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் டேராடூனில் தனது துளையிடல் தொழில்நுட்ப நிறுவகத்தில் இந்தப் பயிற்சியை நடத்துகிறது. நான்காவது, வெளிநாட்டு முகவர் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும்.

எமது கடலும் எமது கேள்வியும்

இது வெளிநாடு செல்பவர்களின் விடயம் மட்டுமல்ல. 1970களில் சோவியத் உதவியுடன் மன்னார் பேசாலையில் எண்ணெய் தேடிக் கிணறுகள் தோண்டப்பட்டன. 2011 இல் கெயின் லங்கா நிறுவனம் மன்னார் படுகையில் 'டொராடோ', 'பரகுடா' என்ற இரு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. டொராடோ இருக்கும் இடத்தில் கடலின் ஆழம் 1,350 மீற்றர் அளவு. நிறுவனம் 2015 இல் வெளியேறியது. எரிவாயு இன்னும் அங்கேயே இருக்கிறது. 2021 இல் புதிய பெற்றோலிய வளச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது.

என்றாவது ஒருநாள் அந்த மூடிகள் திறக்கப்படலாம். அப்போது மீன்பிடித்து வாழும் மக்கள் கேட்கவேண்டியது நட்டஈடு எவ்வளவு என்பதை மட்டுமல்ல. கிணற்றுத் தலையில் நிற்கும் மேற்பார்வையாளர் எந்த நிலைப் பயிற்சி பெற்றவர், இரண்டு தடைகளையும் சோதித்த பதிவு எங்கே, வேலையை நிறுத்தும் அதிகாரம் உண்மையில் அவருக்கு உண்டா என்பவற்றையும் கேட்க வேண்டும்.

வன்னிக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற நிறுவனங்களில் மிதிவெடி அகற்றிய எமது பெண்களும் ஆண்களும் இதை நன்கு அறிவார்கள். சோதிக்காத நிலத்தில் கால் வைக்கக்கூடாது, நேற்றுப் பாதுகாப்பாக இருந்தது என்பது இன்றைக்குச் சான்றாகாது, ஒருவர் கை உயர்த்தினால் எல்லோரும் நிற்க வேண்டும். இலங்கை இணைந்த கண்ணிவெடித் தடை உடன்படிக்கையின்படி அகற்றும் பணி 2028 யூன் மாதத்துக்குள் முடிய வேண்டும். அதன் பின்னர் வேறு தொழில் தேடப்போகும் அந்தக் கைகளிடம், எந்தப் பயிற்சி நிலையமும் ஒரு வாரத்தில் கற்றுக்கொடுக்க முடியாத பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குரிய கணக்கையும் மொழியையும் சான்றிதழையும் பெற வழி செய்வது, தொழிற்பயிற்சி நடத்துவோர் இப்போதே யோசிக்க வேண்டிய விடயம்.