‘கேட் இன் ஆயிட்டு’: தூத்துக்குடித் துறைமுகப் பேச்சில் ஆங்கில வினைத்தொடர்கள்

பெட்டக லாரி தூத்துக்குடித் துறைமுக வாயிலைக் கடந்ததும் ஓட்டுநர் அலுவலகத்துக்குப் போனில் சொல்வது மூன்றே சொல்: ‘கேட் இன் ஆயிட்டு.’ சென்னைக்காரர் கேட்டால் மீதி வாக்கியத்துக்குக் காத்திருப்பார். அவர் காதில் ‘ஆயிட்டு’ வினையெச்சம். நெல்லைச் சீமையிலோ அது ‘ஆகிவிட்டது’ என்னும் முற்று.

வினையோடு இன், அவுட், ஆஃப், அப் போன்ற சிறுசொல் சேர்ந்து புதுப்பொருள் தருவதை ஆங்கிலத்தில் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்பார்கள். அந்த வார்ப்பில் பிறந்த சொற்கள் துறைமுகத்தில் ஏராளம். கப்பலுக்குப் பெட்டகம் ஏற்கும் கடைசி நேரம் ‘கட் ஆஃப்’. நேரம் தப்பி ஏறாமல் நின்றுபோன சரக்கு ‘ஷட் அவுட்’. மாலுமி கப்பலில் வேலைக்குச் சேர்ந்தால் ‘சைன் ஆன்’, ஒப்பந்தம் முடிந்து இறங்கினால் ‘சைன் ஆஃப்’.

இவற்றைத் தமிழ் வினையாக ஏற்பதில்லை என்பதே என் வாதம். தொடர் முழுவதையும் இறுக்கிப் பெயர்ச்சொல்லாக்கி, பின்னால் ‘பண்ணு’, ‘ஆகு’ என்று தன் வினையைப் பூட்டுகிறது. காலம், இடம், துணைவினை எல்லாம் தமிழ்தான். பொருள் நுட்பமும் கூடுகிறது: ‘ஷட் அவுட் பண்ணிட்டான்’ என்றால் குற்றவாளி இருக்கிறான், ‘ஷட் அவுட் ஆயிட்டு’ என்றால் யாரையும் திட்ட முடியாது. ஏற்றுமதி அலுவலகத்தில் இது சின்ன வேறுபாடு அல்ல. ஆங்கிலேயர் வினைக்கும் சிறுசொல்லுக்கும் நடுவே செயப்படுபொருளை நுழைப்பார்கள். இங்கே அந்தப் பிளவுக்கு இடமில்லை. ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்பதில் ‘ஸ்விட்ச்’ என்ற வினையே கழன்று விழுந்து, சிறுசொல் மட்டும் எஞ்சியிருக்கிறது. தமிழ் கெட்டது என்று புலம்புவோர் இந்தக் கட்டமைப்பைப் பார்ப்பதில்லை.

16ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியமும் தமிழில் பெரும்பாலும் பெயர்களையே விட்டுச் சென்றது: சாவி, ஜன்னல், மேசை. ஆங்கிலம் செயல்களையும் கொண்டுவந்தது. அவையும் பெயராக உருமாறித்தான் உள்ளே வந்தன.

மறுபக்கம் வகுப்பறை. எபிரேய மொழியில் இவ்வகை வினைகள் இல்லாததால் அம்மொழி மாணவர் ஆங்கிலத்தில் அவற்றைத் தவிர்க்கிறார்கள் என்று டாகட், லாஃபர் என்னும் ஆய்வாளர்கள் 1985இல் வாதிட்டார்கள். நம் மாணவரும் ‘புட் ஆஃப்’ என்னாமல் ‘போஸ்ட்போன்’ என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் தமிழில் இவ்வகை வினை இல்லை என்று சொல்ல முடியாது. ‘தள்ளிப்போடு’ என்பதில் தள்ளுவதும் இல்லை, போடுவதும் இல்லை. கண்டுபிடி, விட்டுக்கொடு, பார்த்துக்கொள், போட்டுக்கொடு: ஒவ்வொன்றிலும் இரண்டு எளிய வினைகள் கூடி மூன்றாவதொரு பொருளைப் பெறுகின்றன. தூத்துக்குடிக் கடல்தொழிலிலும் இதற்கு நெருங்கிய ஒரு தொடர் உண்டு. சங்கெடுக்கக் கடலில் மூழ்குவதே சங்குகுளிப்பு. ‘சங்கு குளிக்கப் போயிருக்காவ’ என்றால் வெளியூர்க்காரர் திகைக்கலாம், இவ்வூர்க் குழந்தை திகைக்காது. இது பெயரும் வினையும் சேர்ந்தது, வேறு வகை. என்றாலும் பகுதிகளைத் தனித்தனியே பார்க்காமல் முழுமையாகப் பொருள்கொள்ளும் பழக்கம் ஒன்றே.

நம்மவர் சிறுசொல்லுக்கு அஞ்சுவதும் இல்லை. ஆங்கிலத்தில் ‘கோப் வித்’ என்பதே வழக்கு. இந்தியர் ‘கோப் அப் வித்’ என்று ‘அப்’ ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கிறோம். அச்சமிருந்தால் இது நடக்குமா? குறை எங்கே என்றால், ஆங்கிலத்தை ஏட்டிலிருந்து மட்டும் கற்பிப்பதிலும், இவ்வினைகளை அகரவரிசைப் பட்டியலாக்கி மனப்பாடம் செய்யச் சொல்வதிலும்.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ‘புட் ஆஃப்’ பாடம் வரும்போது, கரும்பலகையில் முதலில் ‘தள்ளிப்போடு’ என்று எழுதுங்கள்.